வாழ்த்து அட்டையை வீட்டிலேயே அச்சிடுவது எப்படி: உறையில் தொடங்கி மடிப்பில் முடியும் முழு வழிகாட்டி

புதிதாக வாழ்த்து அட்டை செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். மென்பொருளைத் திறக்கிறார்கள், பிடித்த படத்தை முகப்பில் வைக்கிறார்கள், எழுத்துருக்களைப் புரட்டுகிறார்கள். மாலைக்குள் திரையில் அழகான ஒன்று தயாராகிவிடும். அச்சிட்டதும் உள்பக்க வாழ்த்து தலைகீழாக இருக்கும், அல்லது மடிப்பு படத்தின் நடுவே ஓடும், அல்லது அட்டை எந்த உறையிலும் நுழையாது.

இவற்றில் பெரும்பாலானவை வடிவமைப்புத் தவறுகள் அல்ல, வரிசைத் தவறுகள். உறை அட்டையின் அளவைத் தீர்மானிக்கிறது. அளவு தாளையும், தாள் மடிப்பையும், மடிப்பு எந்தப் பக்கம் எங்கே வரும் என்பதையும் தீர்மானிக்கின்றன. முகப்புப் படத்தின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. கீழே உள்ள படிகளும் அதே வரிசையில் இருக்கின்றன. நடுவில் ஒன்றைத் தாண்டினால் பின்னால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

உறைகள், தடித்த தாள், சோதனைக்குச் சாதாரண வெள்ளைத் தாள், இரும்பு அளவுகோல், புதிய பிளேடு போட்ட கட்டர், வெட்டும் பாய், பென்சில். மடிப்புக்கோடு அழுத்த ஒரு மொண்ணை முனைக் கருவி: கைவினைக்காரர்கள் பயன்படுத்தும் எலும்பு மடிப்பான் இருந்தால் நல்லது, இல்லையென்றால் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும்.

கத்தரிக்கோல் பட்டியலில் இல்லை. 10 செ.மீ. நீளத்துக்கு மேல் கத்தரிக்கோலால் நேராக வெட்டக்கூடிய கை அரிது.

2. உறையைத் தேர்ந்தெடுங்கள், அளவு தானாக வரும்

அட்டையை எந்த அளவிலும் வெட்டலாம், ஆனால் உறை குறிப்பிட்ட அளவுகளில்தான் கிடைக்கும். அதனால் உறைக்குத்தான் முதல் உரிமை.

இரண்டு இணைகளை நினைவில் வைத்தால் போதும். மடித்தபின் ஏ6 (105 × 148 மி.மீ.) வரும் அட்டைக்கு சி6 உறை (114 × 162 மி.மீ.). மடித்தபின் ஏ5 (148 × 210 மி.மீ.) வரும் அட்டைக்கு சி5 உறை (162 × 229 மி.மீ.). உறை ஒவ்வொரு பக்கமும் சில மில்லிமீட்டர் பெரிதாக இருப்பது வீணல்ல. மடித்த தடித்த தாளுக்குக் கனம் உண்டு, அது உறைக்குள் இடம் கேட்கும்.

கையில் வேறு அளவு உறை இருந்தால், அதன் நீளம் அகலம் இரண்டிலும் 6 மி.மீ. குறைத்து அதையே மடித்த அட்டையின் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். உறையின் வெளி விளிம்பை அளப்பதோடு நிறுத்தாமல், ஒட்டிய ஓரங்கள் உள்ளே எவ்வளவு இடத்தைத் தின்கின்றன என்றும் பாருங்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஏ6 அட்டையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு ஏ5 தாள்கள், ஒவ்வொன்றையும் மடித்தால் ஓர் ஏ6 அட்டை. இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, அது அடுத்த படியில்.

3. தாள்: கனம், மேற்பரப்பு, இழை

சாதாரண அலுவலகத் தாள் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). வாழ்த்து அட்டை நிமிர்ந்து நிற்க 180 முதல் 220 வரை போதும். "இன்னும் தடிமனாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே" என்று 300 வாங்கி வருபவர்கள் உண்டு. வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றால் அதை இழுக்க முடியாது. பிரிண்டரின் கையேட்டில் அது ஏற்கும் அதிகபட்ச ஜி.எஸ்.எம். குறிப்பிடப்பட்டிருக்கும். தாள் வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

மேற்பரப்பு பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்கட்டும். பளபளப்பான போட்டோத் தாளில் மடிப்பு வெடிக்கும், பேனாவால் எழுதினால் ஈஷிக்கொள்ளும், பல வகைகளில் பின்பக்கம் அச்சே ஏறாது. லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இங்க்ஜெட்டுக்கென்று பூச்சிட்ட பளபளப்புத் தாளை லேசரில் போடாதீர்கள். லேசரின் சூட்டில் பூச்சு உருகி உள்ளே உருளையில் ஒட்டினால், தாளின் விலையோடு கணக்கு முடியாது.

மூன்றாவது, பலர் கேள்விப்படாத சங்கதி: தாளின் இழை. ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் பெருமளவு ஒரே திசையில் படுகின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து, மடிப்பில் வெள்ளைப் பிசிறு தெரியும். கண்டுபிடிப்பது எளிது: தாளை மடிக்காமல், இரு எதிர் விளிம்புகளையும் பிடித்து லேசாக வளையுங்கள். பிறகு மற்ற இரண்டு விளிம்புகளைப் பிடித்து வளையுங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் முகட்டுக்கோடு செல்லும் திசையே இழையின் திசை.

கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். அதைப் பாதியாக மடித்து ஏ5 அட்டை செய்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுகிறது. அதே தாளை வெட்டி ஏ5 ஆக்கி, அதை மடித்து ஏ6 செய்தால் மடிப்பு இழையோடு போகிறது. ஒரே கட்டுத் தாளில் ஏ6 அட்டை மடிப்பு சுத்தமாகவும் ஏ5 அட்டை மடிப்பு பிசிறாகவும் வருவதற்கு இதுதான் காரணம்.

4. மென்பொருளைத் திறக்கும் முன் டம்மி செய்யுங்கள்

டம்மி என்பது அச்சில்லாத வெற்று மாதிரி அட்டை. ஒரு சாதாரண ஏ5 தாளை எடுத்து, உண்மையான அட்டையைப் போலவே மடியுங்கள். பேனாவால் முகப்பில் "முகப்பு", திறந்து "உள் இடம்", "உள் வலம்", பின்னால் "பின்புறம்" என்று எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள். இப்போது விரித்துப் பாருங்கள்.

இடப்பக்கம் மடிப்புள்ள, புத்தகம்போல் திறக்கும் அட்டையில், தாளின் வெளிப்பக்கத்தில் *வலப்பாதியில்* முகப்பும் *இடப்பாதியில்* பின்புறமும் இருக்கும். அம்புகள் எல்லாம் மேலே பார்க்கும். முகப்பு முதலில் வருவதால் அது இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கும். டம்மியை நம்புங்கள்.

மேலே மடிப்புள்ள, கூடாரம்போல் நிற்கும் அட்டையில் கதை வேறு. வெளிப்பக்கத்தில் கீழ்ப்பாதி முகப்பு, நேராக இருக்கும். மேல்பாதி பின்புறம், அம்பு தலைகீழாக இருக்கும். அதாவது பின்புறத்தில் வரும் எல்லாவற்றையும் மென்பொருளில் 180 பாகை திருப்ப வேண்டும். உள்பக்கத்தில் இரண்டு பாதிகளும் நேராகவே இருக்கும்.

ஏ4 தாளின் ஒரே பக்கத்தில் நான்கையும் அச்சிட்டு இரண்டு முறை மடிக்கும் முறையும் உண்டு. இரு பக்க அச்சின் தொல்லை அதில் இல்லை. ஆனால் தடித்த தாளில் இரண்டாவது மடிப்பு முரண்டு பிடிக்கும், மெல்லிய தாளில் அட்டை நிற்காது. குழந்தைகளோடு செய்வதற்குச் சரி, மற்றபடி நான் பரிந்துரைப்பதில்லை.

டம்மியைத் தூக்கி எறியாமல் கடைசி அச்சு வரை திரைக்கு அருகிலேயே வைத்திருங்கள்.

5. எந்த மென்பொருள்?

டி.டி.பி. (பக்க வடிவமைப்பு) மென்பொருளில் உரையும் படமும் தனித்தனிச் சட்டகங்களில் இருக்கும், ஒவ்வொன்றையும் மில்லிமீட்டர் கணக்கில் நிறுத்தலாம். சாதாரண உரைச் செயலியில் ஒரு வரி கூடினால் கீழே உள்ள படம் நகர்ந்துவிடும். அட்டை வேலைக்கு அந்த நகர்வு ஆகாது.

இலவசமாக வேண்டுமென்றால் ஸ்க்ரைபஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் பதிப்பைக் கவனியுங்கள்: பழைய 1.4 பதிப்புகளில் தமிழ் உயிர்மெய்கள் சரியாகக் கோத்து வராது. 2024இல் வெளியான 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவுங்கள். ஸ்க்ரைபஸ் மிரட்டுவதாகத் தோன்றினால் லிப்ரே ஆபீஸ் ட்ரா போதும். ஒற்றைத்தாள் அட்டைக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

அடோபி இன்டிசைன் வைத்திருப்பவர்கள், பத்தி அமைப்பில் "வேர்ல்டு-ரெடி" கம்போசரை (எழுத்துகளைக் கோத்து வரிகளை அமைக்கும் பகுதி) தேர்ந்தெடுத்த பிறகே தமிழைத் தட்டச்சு செய்யுங்கள். இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். மைக்ரோசாப்ட் பப்ளிஷரில் பழகியவர்களுக்கு: 2026 அக்டோபரோடு அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்துகிறது. அதில் பழைய அட்டைகள் இருந்தால் இப்போதே பி.டி.எஃப். ஆக்கி வைத்துவிடுங்கள்.

எந்த மென்பொருளானாலும் வேலையைத் தொடங்கும் முன் "கெ கொ கௌ டீ ஸ்ரீ க்ஷி" என்று ஒரு வரி அடித்து, பி.டி.எஃப். ஆக மாற்றித் திறந்து பாருங்கள். திரையில் சரியாக இருந்து பி.டி.எஃப்.பில் உடைவதும் நடக்கும். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

6. ஆவணத்தை அமைத்தல்

புதிய ஆவணம்: ஏ5, கிடைமட்டம், அதாவது 210 × 148 மி.மீ. அலகு மில்லிமீட்டர். பக்கங்கள் இரண்டு. முதல் பக்கம் அட்டையின் வெளிப்பக்கம், இரண்டாவது உள்பக்கம். "எதிரெதிர்ப் பக்கங்கள்" என்ற தேர்வு வேண்டாம், தனிப் பக்கமாகவே வையுங்கள். அட்டைக்கு நான்கு பக்கம் என்று எண்ணி நான்கு பக்க ஆவணம் திறப்பவர்கள், பிறகு அவற்றைத் தாளில் எப்படிக் கோப்பது என்று திணறுகிறார்கள்.

இனி வழிகாட்டிக் கோடுகள். செங்குத்தாக 105 மி.மீ.யில் ஒன்று, அதுதான் மடிப்பு. அதன் இருபுறமும் 97, 113 மி.மீ.யில் இரண்டு. வெளி ஓரங்களில் நான்கு பக்கமும் 8 மி.மீ. உள்ளே தள்ளி நான்கு. மடிப்புக்கு அருகிலும் விளிம்புக்கு அருகிலும் எழுத்து போகாமல் தடுப்பதே இவற்றின் வேலை. கோடுகளைப் பூட்டிவிடுங்கள். பூட்டாத கோட்டைச் சட்டகம் என்று நினைத்து இழுத்துவிடுவது எல்லோருக்கும் நடக்கிறது.

கூடாரவகை அட்டையானால் ஆவணம் செங்குத்து, 148 × 210. மடிப்புக்கோடு கிடையாக 105 மி.மீ.யில்.

ப்ளீட், அதாவது வெட்டும் விளிம்பைத் தாண்டி அச்சிடும் கூடுதல் பகுதி பற்றி ஒரு முடிவு இங்கே எடுக்க வேண்டும். வண்ணம் தாளின் விளிம்புவரை போக வேண்டுமென்றால், அதை விளிம்பைத் தாண்டி 3 மி.மீ. கூடுதலாக அச்சிட்டு, பிறகு வெட்ட வேண்டும். ஏ5 தாளில் அதற்கு இடமில்லை. பெரும்பாலான பிரிண்டர்கள் விளிம்பில் சில மில்லிமீட்டரை வெறுமையாகவே விடும். எனவே ஏ4 தாளின் நடுவில் ஓர் அட்டையை மட்டும் அச்சிட்டு நான்கு பக்கமும் வெட்ட வேண்டும். அப்படி வைக்கும்போது அட்டையின் 210 மி.மீ. பக்கம் ஏ4இன் நீளவாக்கில் வரும். மடிப்பு இழைக்குக் குறுக்கே போய்விடும். ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டியிருக்கிறது.

முதல் அட்டைக்கு என் தேர்வு: ப்ளீட் வேண்டாம். சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு வடிவமையுங்கள். வெள்ளை ஓரம் ஏழ்மையின் அடையாளம் அல்ல, படத்துக்கு அது சட்டம் போட்டதுபோல் அமையும்.

7. உள்பக்க வாசகம் முதலில்

முகப்பை விட்டுவிட்டு இரண்டாவது பக்கத்துக்குப் போங்கள். வாசகத்தின் நீளம் தெரியாமல் எழுத்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது. அந்த எழுத்தின் சாயல் தெரியாமல் முகப்பும் உள்பக்கமும் ஒன்றோடொன்று பேசாது.

வாழ்த்தை உள் வலப்பக்கத்தில் வையுங்கள். அட்டையைத் திறந்ததும் கண் விழும் இடம் அது. உள் இடப்பக்கத்தைக் கையால் எழுத வெறுமையாக விடுங்கள். அங்கே வெளிர் வண்ணப் பின்னணி கூட வேண்டாம், மையின் மேல் பேனா சரியாக எழுதாது.

வாசகத்துக்கு எழுத்தளவு 12 முதல் 14 புள்ளி (பாயின்ட்). நான்கு முதல் எட்டு வரிகள். அதற்கு மேல் போனால் வெட்டுங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். சட்டகத்தைப் பக்கத்தின் சரியான நடுவில் வைத்தால் கண்ணுக்குக் கீழே இறங்கியதுபோல் தெரியும். 5 மி.மீ. மேலே ஏற்றுங்கள்.

8. தமிழ் எழுத்துகளுக்கென்று சில விதிகள்

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அமைந்த மென்பொருளின் இயல்பு அமைப்புகள் தமிழுக்குப் பொருந்துவதில்லை.

எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் அடித்த வாசகத்தை ஒட்டினால் புரியாத குறிகள்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவற்றிலேயே நல்லவை இருக்கின்றன: வாசகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை. தலைப்புக்குக் காட்டமரன், பாலூ தம்பி. கையெழுத்துச் சாயல் வேண்டுமானால் கவிவனார். ஓர் அட்டையில் இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதைச் சேர்க்கத் தோன்றும்போது, ஏற்கெனவே உள்ளதன் அளவை மாற்றிப் பாருங்கள்.

வரி இடைவெளியைக் கூட்டுங்கள். மென்பொருள் தானாகத் தருவது பொதுவாக எழுத்தளவில் 120 விழுக்காடு. தமிழில் மேலே இகர ஈகாரச் சுழிகளும் கீழே உகர ஊகாரக் கால்களும் வருவதால் அடுத்தடுத்த வரிகள் முட்டிக்கொள்ளும். 140 முதல் 150 விழுக்காடு வைத்தால் மூச்சு விடும். ஒரே அளவு எண் கொடுத்தாலும் எழுத்துருவுக்கு எழுத்துரு தோற்றம் மாறும், ஆகவே கடைசித் தீர்ப்பு கண்ணுடையது.

எழுத்துகளுக்கிடையே இடைவெளியை விரிக்காதீர்கள். தலைப்பை அகலமாக்க இது ஆங்கிலத்தில் வழக்கம். தமிழில் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் விலகி, சொல் சிதறும்.

சாய்வெழுத்துப் பொத்தானை அழுத்தாதீர்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. மென்பொருள் நேரெழுத்தைத் தள்ளிச் சாய்க்கும், பார்க்க விழப்போவதுபோல் இருக்கும். தடித்த வடிவமும் அப்படியே: எழுத்துருவிலேயே தடித்த கோப்பு இருந்தால் மட்டும். செயற்கையாகத் தடிக்க வைத்தால் ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைந்துவிடும்.

இருபுறமும் சமன் செய்த பத்தியும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அட்டையின் வரியோ குட்டையானது. ஒரு வரியில் இரண்டே சொற்கள் விழுந்தால் நடுவில் பெரிய ஓட்டை தெரியும். மையப்படுத்துங்கள், அல்லது இடப்பக்கம் சேருங்கள். வரி எங்கே முறிய வேண்டும் என்பதை மென்பொருளிடம் விடாமல், வாய்விட்டுப் படித்து, மூச்சு நிற்கும் இடத்தில் நீங்களே முறியுங்கள்.

9. முகப்பும் பின்புறமும்

இப்போது முதல் பக்கத்தின் வலப்பாதி. முகப்பு முழுவதையும் அடைக்கும் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் ஏறத்தாழ 1240 × 1748 பிக்சல்கள் தேவை. நான்கு பக்கமும் 8 மி.மீ. ஓரம் விட்டால் 1050 × 1560 போதும். 200க்கு இறங்கினாலும் பலருக்கு வித்தியாசம் தெரியாது. 150க்குக் கீழே போனால் மங்கலை மறைக்க முடியாது. திரையில் கூர்மையாகத் தெரிவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள்.

குறுஞ்செய்திச் செயலி வழியாக வந்த புகைப்படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும். எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வலையில் எடுத்த படமானால் அதன் உரிமத்தைப் பாருங்கள். அட்டையை விற்கும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம்.

படத்தைச் சட்டகத்தின் மூலையைப் பிடித்து இழுத்து நீட்டாதீர்கள். விகிதத்தைப் பூட்டிவிட்டு அளவை மாற்றுங்கள், மிஞ்சுவதைச் சட்டகம் மறைக்கட்டும். முகம் அகன்ற புகைப்படம் அட்டையில் இருந்தால் வேறு எதுவும் கண்ணில் படாது.

ஸ்க்ரைபஸ் படத்தை ஆவணத்துக்குள் விழுங்குவதில்லை, அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஆகவே தொடங்கும்போதே ஒரு கோப்புறை உருவாக்கி, ஆவணம், படங்கள், எழுத்துருக் கோப்புகள் மூன்றையும் அதில் போட்டுவிட்டு வேலை செய்யுங்கள்.

முகப்பைச் சுற்றி மெல்லிய பெட்டிக்கோடு போடும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. வேண்டாம். அச்சு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், ஒரு பக்கம் ஓரம் தடித்து மறுபக்கம் மெலிந்து, கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். கோடில்லாத படத்தில் அதே நகர்வு தெரியவே தெரியாது. அடர்ந்த வண்ணம் மடிப்பைக் கடந்து பின்புறம் போவதையும் தவிருங்கள். மடிப்பில் மை உதிர்ந்தால் வெள்ளைக் கீறல் தெரியும், லேசர் அச்சில் இது இன்னும் மோசம்.

பின்புறத்தில் கீழ் நடுவில் 7 அல்லது 8 புள்ளியில் பெயரும் ஆண்டும். அவ்வளவு போதும்.

10. பி.டி.எஃப். ஆக்குதல்

மென்பொருளிலிருந்து நேராக அச்சிடாமல் பி.டி.எஃப். வழியே போங்கள். இன்னொரு கணினியில் திறந்தாலும் மாறாத ஒன்று கையில் இருக்கும், தவறு வந்தால் அது வடிவமைப்பிலா அச்சிலா என்று பிரித்தறியலாம்.

எழுத்துருக்கள் பி.டி.எஃப். கோப்புக்குள்ளேயே உட்பொதியப்பட வேண்டும். வீட்டுப் பிரிண்டருக்கு வண்ணத்தை ஆர்.ஜி.பி.யிலேயே (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) விடுங்கள். அவற்றின் இயக்கிகள் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. அச்சகத்துக்குக் கொடுப்பதானால் சி.எம்.ஒய்.கே. (அச்சு மைகளின் நான்கு வண்ண முறை) வேண்டுமா, எவ்வளவு ப்ளீட், எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் வெட்டுக்குறிகள் வேண்டுமா என்று முன்கூட்டியே அவர்களிடம் கேளுங்கள். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும் என்பதை இரண்டு இடத்திலும் எதிர்பாருங்கள்.

பி.டி.எஃப்.பை 100 விழுக்காட்டில் திறந்து, எல்லாச் சொற்களையும் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். பெயர்களை எழுத்தெழுத்தாக.

11. சோதனை அச்சு: சாதாரணத் தாளில்

இந்தப் படியைத் தாண்டுபவர்கள்தான் தடித்த தாளை வீணாக்குகிறார்கள்.

அச்சுச் சாளரத்தில் முதலில் பார்க்க வேண்டியது அளவு. "பக்கத்துக்குப் பொருத்து" என்பது இயல்பாகத் தேர்வாகியிருக்கும். அது அட்டையைச் சில விழுக்காடு சுருக்கிவிடும். "உண்மை அளவு" அல்லது 100 விழுக்காடு என்று மாற்றுங்கள். "ஓரமில்லா அச்சு" என்ற தேர்வு நேர்மாறாக, படத்தைச் சற்றே பெரிதாக்கி விளிம்பைத் தாண்ட வைக்கும். அதையும் அணையுங்கள். தாள் அளவு ஏ5 என்று அச்சுச் சாளரத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆவணம் ஏ5 என்பதால் பிரிண்டர் அதைத் தெரிந்துகொள்ளாது.

அடுத்தது இரு பக்க அச்சு. தாள் எந்த விளிம்பில் புரள வேண்டும் என்று கேட்கும்: நீள விளிம்பா, குறுகிய விளிம்பா? மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரே விதி போதும்: *மடிப்புக்கோட்டுக்கு இணையான விளிம்பில் புரட்டு.* நம் ஏ5 தாளில் மடிப்பு 148 மி.மீ. பக்கத்துக்கு இணை, எனவே குறுகிய விளிம்பு. கூடாரவகைக்கும் அதேதான். ஏ4 தாளில் இரண்டு அட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து அச்சிட்டால் மடிப்பு 297 மி.மீ. பக்கத்துக்கு இணையாகிவிடும், அப்போது நீள விளிம்பு. உள்பக்கம் தலைகீழாக வருவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு தேர்வுதான் காரணம். வடிவமைப்பைத் திருப்பிச் சரிசெய்யப் போகாதீர்கள்.

தடித்த தாளைப் பிரிண்டரின் தானியங்கி இருபக்க அமைப்பு பெரும்பாலும் ஏற்காது. கையால் புரட்டிப் போட வேண்டியிருக்கும் என்பதால் சோதனையையும் கையாலேயே செய்யுங்கள். தாளின் மேல்முகத்தில், உள்ளே நுழையும் திசையில் பென்சிலால் ஓர் அம்பு போட்டு, ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். அச்சு அம்புள்ள முகத்தில் விழுந்ததா, மறுமுகத்திலா? படத்தின் மேல்பக்கம் அம்பின் எந்தப் பக்கம் இருக்கிறது? கிடைத்த விடையை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பிரிண்டரிலேயே ஒட்டிவிடுங்கள்.

இரு பக்கமும் அச்சானதும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகியிருப்பது வீட்டுப் பிரிண்டரில் இயல்பு. ஒவ்வொரு தாளிலும் ஒரே பக்கமாக விலகினால், உள்பக்கத்தின் எல்லாச் சட்டகங்களையும் சேர்த்து எதிர்த்திசையில் அந்த அளவு நகர்த்துங்கள். தாளுக்குத் தாள் மாறினால் அது தாள் நுழையும் வழியின் பக்கத் தடுப்புகள் தளர்வாக இருப்பதால். அவற்றைத் தாளோடு ஒட்டி இறுக்குங்கள்.

மடித்து உறைக்குள் போடுங்கள். டம்மியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மேலே செல்லலாம்.

12. தடித்த தாளில் அச்சு

ஏ4 தாள்களை முதலிலேயே வெட்டி ஏ5 ஆக்கிக்கொள்ளுங்கள். தேவையானதைவிட இரண்டு மூன்று கூடுதலாக. தாளின் வகையை அச்சுச் சாளரத்தில் "தடித்த தாள்" அல்லது "மேட்" என்று மாற்றுங்கள். இது வெறும் பெயர் அல்ல, மையின் அளவும் தாளை இழுக்கும் வேகமும் லேசரில் சூடும் இதைப் பொறுத்து மாறுகின்றன. பின்புறத் தட்டு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதில் தாள் குறைவாக வளைகிறது.

உள்பக்கத்தை முதலில் அச்சிடுங்கள். அதில் மை குறைவு, சீக்கிரம் காயும், தாளும் சுருளாது. மை நிறைந்த முகப்பை முதலில் அச்சிட்டால், இரண்டாம் முறை உள்ளே போகும்போது உருளைகள் அதன்மேல் ஏறித் தடம் பதிக்கும். இங்க்ஜெட்டானால் தாள்களை அடுக்காமல் பரப்பிக் காயவிடுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், அடர்த்தியான இடங்களுக்கு இன்னும் நேரம் கொடுங்கள்.

முதல் தாள் வெளியே வந்ததும் நிறுத்திச் சரிபாருங்கள். மொத்தத்தையும் அனுப்பிவிட்டு எழுந்து போகாதீர்கள்.

13. க்ரீஸ், மடிப்பு, வெட்டு

வரிசை இதுதான். 200 ஜி.எஸ்.எம். தாளை வெறும் விரலால் மடித்தால் மடிப்பு வளைந்து ஓடும். அதனால் முதலில் க்ரீஸ், அதாவது மடிப்பு விழ வேண்டிய இடத்தில் அழுத்திப் போடும் கோடு.

தாளை வெட்டும் பாயின் மேல் வெளிப்பக்கம் மேலே பார்க்க வையுங்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் 105 மி.மீ.யில் பென்சிலால் நுண்ணிய புள்ளி. அளவுகோலை இரண்டையும் தொட வைத்து, மொண்ணை முனையால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள், பிறகு அதே கோட்டில் இன்னொரு முறை. கட்டரால் கீறுவது கூடாது, அது தாளின் பாதிக் கனத்தை வெட்டிவிடுகிறது. சில திறப்புகளுக்குப் பிறகு அட்டை இரண்டாகும்.

வெளிப்பக்கம் பள்ளம், உள்பக்கம் புடைப்பு. மடிக்கும்போது புடைப்பு அட்டையின் உள்ளே இருக்க வேண்டும், பள்ளம் வெளியே. பள்ளத்துக்குள் மடிப்பதுதான் இயல்பு என்று கை சொல்லும், ஆனால் அப்படிச் செய்தால் புடைப்பு வெளியே தள்ளப்பட்டு நார்கள் இழுபட்டுப் பிளக்கும்.

மடித்தபின் மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து அதன்மேல் தேய்த்து அழுத்துங்கள். நேரடியாகத் தேய்த்தால் மேட் தாளில் பளபளப்புக் கோடு விழும்.

கடைசியில் வெட்டு. தடித்த தாளை மடித்தால் திறக்கும் ஓரத்தில் இரண்டு இதழ்களும் மயிரிழை விலகி நிற்கும். மூடிய நிலையிலேயே அந்த ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் வெட்டி எடுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். மடிப்பதற்கு முன்பே வெட்டினால் இந்த விலகல் திரும்ப வரும். ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல், லேசாக மூன்று நான்கு முறை இழுங்கள். பிளேடு மழுங்கினால் ஓரம் பஞ்சுபோல் பிய்யும், உடனே மாற்றுங்கள்.

அட்டைகளை ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். உள்ளே கையால் எழுதுவதை அதற்குப் பிறகு செய்யுங்கள். எழுதிய மை காய்ந்த பின்பே உறைக்குள் போடுங்கள், மடிப்புள்ள பக்கம் முதலில் நுழையட்டும்.

14. அடுத்த அட்டைக்கு

எல்லாம் முடிந்தபின் ஆவணத்தின் ஒரு நகலை எடுத்து, படங்களையும் வாசகத்தையும் நீக்கிவிட்டு, வழிகாட்டிக் கோடுகளும் எழுத்து அமைப்புகளும் மட்டும் இருக்கும் வெற்று வார்ப்புருவாகச் சேமியுங்கள். கோப்பின் பெயரிலேயே உறையின் அளவு, தாளின் ஜி.எஸ்.எம்., புரட்டும் விளிம்பு மூன்றும் இருக்கட்டும். உள்பக்கத்தை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினீர்கள் என்பதையும் அதோடு குறித்துவையுங்கள். பிரிண்டரை மாற்றினால் அந்த ஓர் எண்ணை மட்டும் புதிதாக அளக்க வேண்டும்.